ஆழாக்கின் மேல் ஒரு கோபுரம்



போன வாரம் நான் போட்ட வெள்ளைப் பணியாரப் படத்துக்கு இவ்வளவு பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. "டீச்சர், உங்களுக்கு அடுப்பு பத்தவைக்கத் தெரியுமா?" என்று 1998 பேட்ச் கேட்டிருக்கிறது. உங்கள் வாய் இன்னும் அடங்கவில்லை. சித்தி மகள் துபாயிலிருந்து, "அக்கா, அளவு மட்டும் சொல்லு, நாளைக்கே சுடுறேன்" என்கிறாள். அந்த அளவைச் சொல்வதில்தான் சிக்கல் இருக்கிறது. இரண்டு வரியில் முடியாது. அதனால் இந்த நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பணியாரம் நான் மட்டும் சுட்டதல்ல. கூட நின்றவள் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண். இப்போது பி.காம். கடைசி வருடம். அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம். போட்டீங்கன்னா சொந்தக்காரங்க விசேஷத்துக்கெல்லாம் என்னையவே பணியாரம் சுடச் சொல்லிருவாங்க" என்றாள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

2017-18. எட்டாம் வகுப்பு. ஜன்னல் ஓரம், மூன்றாவது பெஞ்சு. கால் பங்கையும் அரைக்கால் பங்கையும் கூட்டச் சொன்னால், 1/4 + 1/8 = 2/12 என்று எழுதுவாள். மேலே உள்ளதை மேலே கூட்டு, கீழே உள்ளதைக் கீழே கூட்டு. கணக்கு எடுக்கிற எல்லோரும் ஆயிரம் முறை பார்த்த தப்புதான். ஆனால் இவள் திருத்திச் சொல்லிக் கொடுக்கும்போதும் கவனிக்க மாட்டாள். மடியில் ஒரு நோட்டு. அதில் ஏதோ எழுதிக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் கோபத்தில் அந்த நோட்டைப் பிடுங்கினேன். புரட்டினால் தூக்குச் சட்டி, செம்பு, படி, ஓலைப்பெட்டிப் பின்னல் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என்னென்னவோ. நான் வாசிக்கவில்லை. "கணக்கு வராதவளுக்குப் படம் ஒரு கேடா? பரீட்சை முடிஞ்சதும் வந்து வாங்கிக்க" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லி, ஆசிரியர் அறை அலமாரியில் போட்டுவிட்டேன். ரேங்க் கார்டில் 'கவனச் சிதறல் அதிகம்' என்றும் எழுதினேன். அவள் வந்து நோட்டைக் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன். 2019 மே மாதம் ஓய்வு பெற்றேன்.

அதன் பிறகு அவளைப் பார்த்தது போன வருடம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில். வீட்டுப் பழைய அலமாரிக்கு ஒரு கைப்பிடி தேடிப் போயிருந்தேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அது பழம்பொருள் கடைகள் இருக்கும் தெரு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பிரிக்கப்படும்போதும் பாகம் பிரியும்போதும் வெளியே வரும் சாமான்கள் அங்கே வந்து சேரும். பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, மரப்பாச்சி, பல்லாங்குழி, ஊறுகாய் ஜாடி, ரவிவர்மா அச்சுப் படங்கள், அடியில் சுவீடன் என்றும் ஜப்பான் என்றும் முத்திரை போட்ட எனாமல் தூக்குகள். கடைக்கு உள்ளே போனால் யாரோ ஒருவர் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு கடையில் தரையில் சம்மணம் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஐந்து பித்தளை ஆழாக்கு. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், மருந்து ஊற்றுகிற அளவுக் குப்பி, ஒரு ஊசி போடாத சிரிஞ்ச். ஒவ்வொரு ஆழாக்கிலும் தண்ணீர் ஊற்றி, திரும்பக் குப்பியில் ஊற்றி, நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள், "டீச்சர்!" என்று எழுந்து நின்றாள். எட்டாம் வகுப்பில் நின்ற அதே நிற்றல். முதுகு நேராக, கண் கீழே.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு அங்கே வந்துவிடுவாளாம். கையில் 100 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. "வாங்குறது கம்மி டீச்சர். பாக்குறதுதான்." கடைக்காரர்களுக்கு அவளால் ஒரு உதவி உண்டு. பாத்திரங்களில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயர்களை அவள் வாசித்துச் சொல்வாள். தேய்ந்துபோன எழுத்தென்றால் மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பாள். அதற்குப் பதிலாக அவளை எதை வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்க விட்டிருக்கிறார்கள்.

அன்று பையிலிருந்து ஒரு ஓட்டைக் காலணாவை எடுத்துக் காட்டினாள். நடுவில் ஓட்டை போட்ட காசு. 1943-லிருந்து 1947 வரை அடித்தது. யுத்த காலத்தில் செம்பை மிச்சப்படுத்தத்தான் அந்த ஓட்டை. "நாலு காலணா சேந்தா ஒரு அணா, பதினாறு அணா ஒரு ரூபா. அப்ப இது ரூபாயில 64-ல ஒரு பங்கு டீச்சர்" என்றாள், சாதாரணமாக. நான் அவளையே பார்த்தேன். 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வந்து அந்தக் கணக்கையெல்லாம் நூறாக்கிவிட்டது. ஆனால் இவள் வாயில் பின்னம் தடுக்காமல் ஓடியது.

சோதித்துப் பார்ப்போம் என்று, "உழக்கும் ஆழாக்கும் சேர்ந்தா எவ்வளவு?" என்று கேட்டேன்.

"மூணு ஆழாக்கு. படியில எட்டுல மூணு."

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. உழக்கு என்றால் கால் படி, ஆழாக்கு என்றால் அரைக்கால் படி. நான் கரும்பலகையில் வருடம் முழுக்க எழுதிப் போட்ட அதே 1/4 + 1/8. அவளுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. நான் கேட்ட விதத்தில்தான் தெரியவில்லை. 34 வருடம் கணக்கு எடுத்தேன். ஒரு நாள்கூட வகுப்புக்கு ஒரு ஆழாக்கை எடுத்துக்கொண்டு போனதில்லை.

அன்றிலிருந்து எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். கை சும்மா இருக்காது. பனங்குருத்தோலையைக் காயவைத்து, நாராகக் கிழித்து, சாயம் ஏற்றிக் கொண்டுவருவாள். பேசிக்கொண்டே கொட்டான் முடைவாள். செட்டிநாட்டுக் கல்யாணங்களில் பலகாரம், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுக்கும் கொட்டான்தான். ஒரு காலத்தில் ஆச்சிமார் வீட்டிலேயே முடைந்தது, பிறகு பிளாஸ்டிக் கூடை வந்து ஏறக்குறைய நின்றேபோய், இப்போது மறுபடி தழைத்து, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அடி முடையும்போது ஓலைகளை எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஒன்று பிசகினால் ஓரத்தில் டிசைன் சேராது. நான் ஒன்று முயற்சி செய்தேன். நாலு மூலையும் நாலு விதமாக வந்தது. "பரவால்ல டீச்சர், மொத நோட்டுல யாருக்கும் அப்படித்தான்" என்றாள்.

அவளுக்குச் சமையலும் இந்தத் தேடலின் ஒரு பகுதிதான். கவுனி அரிசியை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டுக் குழைய வேகவைத்து, தேங்காயும் சர்க்கரையும் நெய்யும் போட்டுக் கொண்டுவருவாள். கந்தரப்பம் ஒரு வாரம், சீப்புச் சீடை ஒரு வாரம். ருசி சரியாக வந்தால் எழுதுவாள். வராவிட்டாலும் ஏன் வரவில்லை என்று எழுதுவாள்.

இனி வெள்ளைப் பணியாரத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் அளவு இப்படித்தான் சொல்வார்கள்: "ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அள. அதுக்கு மேல உளுந்தைக் கோபுரமாக் குமி. நிக்கிற வரைக்கும் போடு." அவ்வளவுதான். ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி ஆட்டி, உப்பும் துளி சர்க்கரையும் போட்டு, புளிக்க விடாமல் அப்போதே ஊற்றிச் சுட வேண்டும். சிவக்கக் கூடாது. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். குறைந்தால் கல்லாகும்.

நான் பலமுறை டம்ளரில் அளந்து சுட்டிருக்கிறேன். ஒருமுறையும் அம்மா சுட்டது போல வந்ததில்லை. கைப்பக்குவம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவள்தான் கேட்டாள்:

"டீச்சர், எந்த ஆழாக்குல அளந்தாங்க?"

"எல்லா ஆழாக்கும் ஒண்ணுதானேம்மா?"

"கொள்ளளவு கிட்டத்தட்ட ஒண்ணு. வாய் ஒண்ணில்ல."

எனக்குச் சுருக்கென்றது. உளுந்து எந்தப் பாத்திரத்தின் மேலும் ஏறக்குறைய ஒரே சரிவில்தான் குவிந்து நிற்கும். வாய் அகலமானால் கோபுரத்தின் அடியும் அகலும், உயரமும் ஏறும். கூம்பின் கன அளவு ஆரத்தின் மும்மடிப்படி கூடும். வாய் ஒன்றரை மடங்கு அகலமாக இருந்தால் மேலே நிற்கிற உளுந்து மூன்று மடங்குக்கும் மேல். கீழே அரிசி அதே ஓர் ஆழாக்குதான். அதாவது, அந்தச் சமையல் குறிப்பு பாதி வார்த்தையில் இருக்கிறது, மீதிப் பாதி பாத்திரத்தின் வாயில் இருக்கிறது. பாத்திரம் போனால் குறிப்பும் போயிற்று.

"கூம்பு பத்தாங்கிளாஸ்ல படிச்சோம் டீச்சர். ஆனா எங்க பேட்சுக்குத்தான் பரீட்சையே நடக்கலையே" என்று சிரித்தாள். 2020-ல் கொரோனாவால் தேர்வு இல்லாமலே தேறிய பேட்ச் அவள். இந்தக் கணக்குக்கு நான் இப்போது முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உறவுகளுக்குத் தெரியும்.

2009-ல் அம்மா தவறியபின் ஊர் வீட்டைக் காலி செய்தது நான்தான். தம்பி வேலையில் இருந்தான், வர முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் லீவு போட்டுப் போய், பரணிலிருந்த பித்தளை, வெண்கலம் எல்லாவற்றையும் இறக்கி, ஒரு பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்தேன். அம்மா கல்யாணச் சீராகக் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றிலும் அம்மா பெயர் வெட்டியிருக்கும். ஆழாக்கும் அதில்தான் போனது. கடைக்காரர் தராசில் வைக்கும்போது, "பேரு வெட்டியிருக்கேம்மா, வச்சுக்கலாமே" என்றார். "புளி போட்டுத் தேய்க்க யாருக்குங்க நேரம் இருக்கு?" என்றேன். வந்த பணத்தில் ஒரு எவர்சில்வர் டிரம் வாங்கினேன். அது இப்போதும் வீட்டில் இருக்கிறது. அதற்குள் பழைய துணி.

மறுநாள் அவளிடம் சொன்னேன். என்ன எழுத்து, எந்தப் பக்கம், எங்கே நசுங்கல் என்று எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேடுகிறாள். "அப்பவே உருக்கியிருப்பாங்கம்மா" என்றேன். "இருக்கலாம் டீச்சர். ஆனா பேரு வெட்டுனதை சில பேர் உருக்க மாட்டாங்க, அப்படியே விப்பாங்க. பாத்துக்கிட்டே இருப்போம்."

அந்தச் சமயத்தில்தான் பேச்சுவாக்கில் கேட்டேன். "இந்தப் பழக்கமெல்லாம் எப்ப ஆரம்பிச்ச?"

"எட்டாங்கிளாஸ்லயே டீச்சர். அந்த நோட்டுலதான."

"எந்த நோட்டு?"

அவள் ஓலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் அப்பத்தா ஒரு பெரிய வீட்டில் 30 வருடம் பலகாரம் சுடப் போனவர். எழுதப் படிக்கத் தெரியாது. அப்பத்தா சொல்லச் சொல்ல இவள் எழுதியது அது. எந்தப் பலகாரத்துக்கு எந்தப் பாத்திரம், எது தலைதட்டி, எது கோபுரமாக என்று, பாத்திரத்தின் படத்தோடு. 40 பலகாரத்துக்கு மேல் இருந்ததாம். ராத்திரி எழுதியது போக விட்டுப்போனது வகுப்பில்தான் ஞாபகம் வரும், மறந்துவிடுமே என்று அங்கேயே எழுதுவாளாம். 2018 கார்த்திகையில் அப்பத்தா போய்விட்டார்.

"ஏம்மா, வந்து கேட்டிருக்கலாம்ல?"

"பரீட்சை முடிஞ்சதும் வரச் சொன்னீங்க. பரீட்சையில நான் 31 மார்க்கு டீச்சர். எப்படி வந்து கேக்குறது?"

நான் அந்த நோட்டை என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற வாரம் அலமாரியைக் காலி செய்தேன். பழைய விடைத்தாள், பதிவேட்டு நகல், பறித்து வைத்த நோட்டுகள் எல்லாம் ஒரு சாக்கு. பழைய பேப்பர்க்காரரிடம் போட்டேன். அதுவும் எடைக்குத்தான்.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். "விடுங்க டீச்சர்" என்றாள். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. 'விடுங்க' என்றுதான் சொன்னாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து முடைய ஆரம்பித்தாள்.

இப்போது அவள் வைத்திருப்பது இரண்டாவது நோட்டு. நினைவிலிருந்து 11 பலகாரம் எழுதியிருக்கிறாள். மற்றதைத்தான் ஞாயிறும் சனியும் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தது, அவள் அப்பத்தாவின் பாதி வாக்கியங்களுக்கு மீதிப் பாதியைத் தேடுவது.

போன வாரப் பணியாரத்தின் கதை இதுதான். கடையில் சொல்லி மூன்று ஆழாக்குகளை ஒரு நாளுக்கு இரவல் வாங்கி வந்தாள். ஒன்று ஒடுங்கிய வாய், ஒன்று நடுத்தரம், ஒன்று அகலம். மூன்றிலும் தலைதட்டி அரிசி, மேலே கோபுரமாக உளுந்து. மூன்று கிண்ணத்தில் தனித்தனியாக ஊறவைத்து ஆட்டினோம். ஒடுங்கிய வாய் ஆழாக்கின் பணியாரம் விறைத்துக்கொண்டது. அகல வாய் எண்ணெயைக் குடித்தது. நடுவில் உள்ளது வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் பூப்பூவாக எழும்பி மேலே வந்தது. அதைத்தான் படம் எடுத்துப் போட்டேன். சிரிஞ்சும் குப்பியுமாக அந்தக் கோபுரத்தின் அளவையும் அவள் எடுத்து எழுதிவிட்டாள். துபாய்க்காரியே, உனக்குத் தனியாக அனுப்புகிறேன்.

சாயங்காலம் தம்பி வந்தான். ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்தேன். நாலு தின்றான். "நல்லாருக்கு அக்கா. அம்மா சுட்ட மாதிரிதான் இருக்கு" என்றான். எனக்குத் தொண்டை அடைத்தது. அதோடு விட்டானா? ஐந்தாவதைக் கையில் எடுத்துப் பார்த்து, "ஆனா அம்மா சுட்டது இன்னுங்கொஞ்சம் சின்னதா இருக்கும்ல?" என்றான்.

அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கரண்டி! மாவு ஊற்றுகிற குழிக்கரண்டியையும் நான்தான் எடைக்குப் போட்டேன். அவள் உடனே நோட்டை எடுத்து, 'கரண்டிக் குழி' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பழைய பழக்கம் போகாது. வீட்டுப்பாடம் கொடுத்து முடிக்கிறேன்.

ஒன்று: வீட்டில் பழைய படி, உழக்கு, ஆழாக்கு, கரண்டி இருந்தால் போடுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். வாயின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லி என்று பாருங்கள். பெயர் வெட்டியிருந்தால் வாசியுங்கள். பிறகு உங்கள் விருப்பம்.

இரண்டு: அப்பத்தா, அம்மாச்சி, ஆச்சி யாராவது இருந்தால், ஒரு பலகாரம் எப்படிச் செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள். எதில் அளந்தீர்கள் என்றும் கேளுங்கள். பதிலைக் கீழே எழுதுங்கள். அவள் படிப்பாள். அவள் நோட்டில் இன்னும் நிறையப் பக்கம் காலியாக இருக்கிறது.

மூன்று: இது ஆசிரியைகளாகிவிட்ட என் மாணவிகளுக்கு. வகுப்பில் பிடுங்கிய நோட்டைச் சாயங்காலமே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் ஒரு பக்கமாவது வாசியுங்கள். என்னிடம் நோட்டைப் பறிகொடுத்து, பயத்தில் கேட்காமல் போனவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இருந்தால் சொல்லுங்கள். நோட்டைத் திருப்பித் தர முடியாது. அதில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டுக்கொள்ள முடியும்.

கடைசியாக, எங்காவது ஒரு பித்தளை ஆழாக்கு கண்ணில் பட்டால் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அடியில் இடது பக்கம் ஒரு நசுங்கல், வாய்க்குக் கீழே புள்ளி எழுத்தில் எங்கள் அம்மா பெயர். உறவுகளுக்குப் பெயர் தெரியும், மற்றவர்கள் என்னிடம் கேளுங்கள். விலை பேச மாட்டேன். சொன்னதைக் கொடுத்து வாங்கிக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்